ஒரே வாட், ஒரே ஓம், ஒலி மட்டும் வேறு: ஸ்பீக்கர் விவரக்குறிப்புகள் சொல்வதும் சொல்லாததும்

மின்னணுப் பொருள் விற்பனைக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் அருகருகே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் பெட்டிகளில் ஏறத்தாழ ஒரே எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இரண்டிலும் 50 வாட். இரண்டிலும் 8 ஓம். இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. விலையில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கும். எண்கள் ஒன்றாக இருப்பதால் விலை குறைந்ததை வாங்குவோர் உண்டு. விலை கூடியது நிச்சயம் சிறந்ததாக இருக்கும் என்று நம்பி வாங்குவோரும் உண்டு. வீட்டில் இயக்கிப் பார்த்த பிறகு இரு தரப்பினரும் ஏமாற்றம் அடைவது நடக்கிறது.

ஒரே பாடலை இரண்டிலும் ஒலிக்கச் செய்தால், ஒன்றில் பாடகரின் குரல் முன்னால் வந்து நிற்கும். மற்றொன்றில் அது தாளவாத்தியங்களுக்குப் பின்னால் மறைந்துபோகும். ஒன்றில் தபேலாவின் அடிநாதம் தெளிவாகக் கேட்கும். மற்றொன்றில் அதே நாதம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும்.

அச்சிடப்பட்ட எண்கள் பொய் என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட நிபந்தனையின் கீழ் எடுக்கப்பட்ட ஓர் அளவீட்டின் சுருக்கமாகும். அந்த நிபந்தனை பெரும்பாலும் பெட்டியில் குறிப்பிடப்படுவதில்லை. காது உணரும் வேறுபாடுகளில் பெரும்பகுதி, அந்தச் சுருக்கத்தில் விடுபட்ட விவரங்களிலேயே அடங்கியுள்ளது.

ஸ்பீக்கர் எவ்வாறு இயங்குகிறது?

இன்று வீடுகளில் பயன்படும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-ல் வெளியிட்ட வடிவமைப்பின் வழிவந்தவை. நிலைக்காந்தம் ஒன்றின் இடைவெளியில் கம்பிச்சுருள் ஒன்று தொங்கவிடப்பட்டிருக்கும். அதில் இசைக்கேற்ப மாறும் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பு வடிவத் தகடு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்கும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த அமைப்பில், மின்னாற்றலின் மிகச் சிறிய பகுதியே ஒலியாக மாறுகிறது. பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எஞ்சிய ஆற்றல் கம்பிச்சுருளில் வெப்பமாகிவிடுகிறது. எனவே, பெட்டியில் உள்ள வாட் என்ற எண் காதை வந்தடையும் ஒலியின் அளவைக் குறிப்பதன்று.

வாட் எண்ணின் வரலாறு

வாட் என்பது மின்திறனின் அலகு. ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, அது சேதமடையாமல் எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதையே இந்த எண் பொதுவாகக் குறிக்கிறது. ஆம்ப்ளிஃபயர் உள்ளே பொருத்தப்பட்ட ப்ளூடூத் ஸ்பீக்கர், சவுண்ட்பார் போன்றவற்றில் அந்த ஆம்ப்ளிஃபயர் வழங்கும் திறனை இது குறிக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறானவை. இருந்தும் ஒரே சொல்லால் விற்கப்படுகின்றன.

வானொலியுடன் கூடிய கேசட் ரெக்கார்டர்கள் பரவலாக விற்பனையான காலத்தில், அவற்றின் மீது பிஎம்பிஓ என்ற சொல்லுடன் ஆயிரக்கணக்கான வாட் எண்கள் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்ததை இந்தியாவில் பலரும் நினைவுகூர்வர். உச்ச இசைத் திறன் என்று பொருள்படும் அந்த எண்ணுக்கு, எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட அளவீட்டு முறை ஏதும் இருந்ததில்லை. கணநேரம் மட்டும் கிடைக்கக்கூடிய உச்சத்தை அவரவர் விருப்பப்படி கணக்கிட்டு அச்சிட்டனர்.

இத்தகைய போட்டி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர்களின் திறன் எண்கள் மிகைப்படுத்தப்பட்டதால், அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-ல் தனி விதியையே கொண்டுவர நேர்ந்தது.

தற்போது ஆர்எம்எஸ் என்ற குறிப்புடன் வரும் எண் ஓரளவு நம்பத்தக்கது. அது தொடர்ச்சியாக வழங்கக்கூடிய அல்லது தாங்கக்கூடிய திறனைக் குறிக்கிறது. ஆயினும் அதிலும் ஒரு நிபந்தனை உள்ளது. எவ்வளவு ஒலித்திரிபுடன் அந்தத் திறன் கிடைக்கிறது என்பதே அது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒலித்திரிபுடன் 30 வாட் தரும் கருவியும், 10 சதவீத ஒலித்திரிபுடன் 30 வாட் தரும் கருவியும் பெட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். ஒலியளவை உயர்த்தினால் இரண்டாவது கருவியில் குரல் கரகரக்கத் தொடங்கும்.

உணர்திறன்: பலர் கவனிக்காத எண்

ஸ்பீக்கரின் ஒலியளவைத் தீர்மானிப்பதில் வாட்டைக் காட்டிலும் பெரும்பங்கு வகிப்பது அதன் உணர்திறன் ஆகும். ஒரு வாட் திறன் அளிக்கும்போது ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

டெசிபல் என்பது மடங்கு அடிப்படையிலான அளவுகோல். ஒலி 3 டெசிபல் உயர வேண்டுமானால் திறன் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் உயர வேண்டுமானால் திறன் பத்து மடங்காக வேண்டும். அந்த 10 டெசிபல் உயர்வைத்தான் பெரும்பாலானோரின் காது ஏறத்தாழ இரு மடங்கு சத்தம் என்று உணர்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். முதல் ஸ்பீக்கரின் உணர்திறன் 84 டெசிபல். இரண்டாவதன் உணர்திறன் 90 டெசிபல். இரண்டும் 50 வாட் எனக் கொள்வோம். 50 வாட் என்பது ஒரு வாட்டைவிட 17 டெசிபல் கூடுதல். ஆகவே ஒரு மீட்டர் தொலைவில் முதலாவது அதிகபட்சமாக 101 டெசிபலும் இரண்டாவது 107 டெசிபலும் தரும். முதலாவது ஸ்பீக்கர் அந்த 107 டெசிபலை எட்ட 200 வாட் தேவைப்படும். ஆக, ஒரே 50 வாட் என்று எழுதப்பட்ட இரண்டுக்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு ஒளிந்துள்ளது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல நிறுவனங்கள் உணர்திறனை ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் மின்னழுத்தத்தில் குறிப்பிடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இது 2 வாட் ஆகிவிடும். எனவே 2.83 வோல்ட்டில் 90 டெசிபல் எனக் குறிக்கப்பட்ட 4 ஓம் ஸ்பீக்கர், ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் மட்டுமே தருகிறது.

ஓம் எண்ணும் ஒரு சராசரிக் குறிப்பே ஆகும். ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் மாறும். 8 ஓம் என விற்கப்படும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 5 ஓமுக்கு இறங்கி, வேறு சிலவற்றில் 20 ஓமுக்கு மேல் ஏறக்கூடும். திறன் குறைந்த ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும்போது ஒரு ஸ்பீக்கர் சோர்ந்து ஒலிப்பதற்கும், அதே ஓம் கொண்ட மற்றொன்று இயல்பாக ஒலிப்பதற்கும் இது ஒரு காரணம்.

அதிர்வெண் வரம்பு: இரு முனைகளுக்கு இடையே என்ன?

மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும் என்று கூறப்படுகிறது. வயது ஏற ஏற மேல்வரம்பு குறையும். ஸ்பீக்கர் பெட்டிகளில் காணப்படும் 50 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்ற குறிப்பு, இரு முனைகளை மட்டுமே காட்டுகிறது. இடையில் உள்ள ஒலிகள் சம அளவில் வருகின்றனவா என்பதை அது சொல்வதில்லை. முனைகளில் ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் சொல்வதில்லை.

ஒரு நிறுவனம் ஒலி 3 டெசிபல் குறையும் இடத்தை எல்லையாகக் கொள்ளும். மற்றொரு நிறுவனம் 10 டெசிபல் குறையும் இடத்தையே எல்லையாகக் கொள்ளும். இரண்டின் பெட்டியிலும் 50 ஹெர்ட்ஸ் என்றே இருக்கும். இரண்டாவது ஸ்பீக்கரிலோ அந்த அதிர்வெண் ஒலி மற்றவற்றோடு ஒப்பிடுகையில் மிக நலிந்தே கேட்கும்.

நேர்மையாக ‘கூட்டியோ குறைத்தோ 3 டெசிபல்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தாலும் வேறுபாட்டுக்கு இடமுண்டு. முதல் ஸ்பீக்கரில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி 3 டெசிபல் உயர்ந்தும், இரண்டாவதில் அதே பகுதி 3 டெசிபல் தாழ்ந்தும் இருக்கலாம். இரண்டும் அறிவித்த வரம்புக்குள்ளேயே உள்ளன. இருந்தபோதிலும் அந்தப் பகுதியில் இரண்டுக்கும் இடையே 6 டெசிபல் வேறுபாடு உண்டு.

அந்தப் பகுதி மிக முக்கியமானது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கே மனிதக் காது கூர்மையாகச் செவிசாய்க்கிறது. பேச்சின் மெய்யெழுத்துத் தெளிவும் பெருமளவு இங்கேயே அமைகிறது. இந்தப் பகுதி உயர்ந்தால் குரல் முன்னே வரும். வயலினும் ஷெனாயும் கீச்சிடக்கூடும். தாழ்ந்தால் ஒலி மென்மையாகும். பாடல் வரிகள் தெளிவிழக்கும்.

இசைக்கருவியின் அடையாளம் அதன் மேற்சுரங்களின் விகிதத்தில் உள்ளது என்பதே இதற்கு அடிப்படை. இத்துறையில் முன்னோடி ஆய்வுகளை மேற்கொண்டவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சர் சி.வி. ராமன். சாதாரணத் தோல்வாத்தியங்களின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்திசைவதில்லை. மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் தோலின் மீது பூசப்படும் கருநிறப் பூச்சு அவற்றை ஏறத்தாழ ஒத்திசையும் வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை, கொல்கத்தாவில் பணியாற்றியபோது அவர் ஆராய்ந்தார். அது குறித்த குறிப்பு 1920-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

கைவினைஞர் கூர்ந்து அமைத்த அந்த விகிதத்தை, ஸ்பீக்கர் சில பகுதிகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் மாற்றிவிடுகிறது. ஒரே மிருதங்க வாசிப்பு இரண்டு ஸ்பீக்கர்களில் இரண்டு மிருதங்கங்கள்போல் ஒலிப்பது இதனால்தான்.

பெட்டியும் ஒலியின் ஒரு பகுதியே

கூம்பின் பின்புறம் எழும் ஒலி, முன்புற ஒலிக்கு எதிர்க்கட்டத்தில் இருக்கும். இரண்டும் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத் தடுக்கவே பெட்டி தேவைப்படுகிறது. முழுவதும் மூடிய பெட்டியில் தாழ்ந்த அதிர்வெண்கள் மெல்ல மெல்லக் குறையும். துளையுடன் கூடிய பெட்டி இன்னும் சற்றுக் கீழே வரை ஒலியை நீட்டிக்கும். அந்த எல்லையைக் கடந்தபின் ஒலி செங்குத்தாக வீழும். ஒரே 6.5 அங்குல ஊஃபர் இவ்விரு பெட்டிகளிலும் வெவ்வேறு குணத்துடன் ஒலிக்கும்.

ஊஃபரின் தன்மையையும் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கிட்டுப் பொருத்தும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் முன்வைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் அதை 1970-களின் தொடக்கத்தில் விரிவாக்கினார். இன்றும் உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் இவ்விருவரின் பெயரால் அமைந்த அளவுருக்களையே பயன்படுத்துகின்றனர்.

தாழ்ந்த சுரங்களுக்கு இயற்கை விதிக்கும் விலை அதிகம். ஒரே ஒலியளவைப் பேணியபடி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைய நேரும். சிறிய கூம்புகளுக்கு இது இயலாது. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டையே பெற முடியும் என்பதை ஒலிப்பொறியியலாளர்கள் ஹாஃப்மன் விதி என்று அழைக்கின்றனர்.

இந்தத் தடையைக் கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் மென்பொருளின் உதவியால் சமாளிக்கின்றன. குறைந்த ஒலியளவில் பேஸை உயர்த்தி, ஒலியளவு கூடும்போது கூம்பு சேதமடையாமல் இருக்க அதே பேஸைக் குறைத்துவிடும் வகையில் பல கருவிகள் அமைக்கப்படுகின்றன. கடையில் மெல்லிய ஒலியில் நிறைவாகக் கேட்ட கருவி, வீட்டு விழாவில் முழு ஒலியளவில் வறண்டு ஒலிப்பதன் காரணம் இதுவே. தாழ்ந்த சுரத்தின் மேற்சுரங்கள் மட்டும் கேட்டாலும் மூளை அடிநாதத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும் இயல்புடையது என்பதும் சிறிய ஸ்பீக்கர்களுக்குக் கைகொடுக்கிறது.

ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையே ஒலியைப் பிரித்தளிக்கும் கிராஸ்ஓவர் மின்சுற்றும் பெட்டியில் குறிப்பிடப்படாத மற்றொரு முக்கியப் பகுதி. மலிவான கருவிகளில் ட்வீட்டருக்கு முன் ஒரே ஒரு மின்தேக்கியுடன் இது முடிந்துவிடுவதுண்டு. கவனமாக வடிவமைக்கப்பட்டவற்றில் பல பாகங்கள் சேர்ந்து இரு அலகுகளின் ஒலியையும் பிசிறின்றி இணைக்கின்றன. இரண்டின் பெட்டியிலும் ‘டூ-வே’ என்றே எழுதப்பட்டிருக்கும்.

பிபிசி ஸ்பீக்கர் தரும் பாடம்

ஒரே வடிவமைப்பைப் பின்பற்றினாலும் ஒரே ஒலியைத் தக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பிரிட்டனின் பிபிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் அனுபவம் சான்றாக உள்ளது. வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்களில் பயன்படுத்துவதற்காக 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற சிறிய கண்காணிப்பு ஸ்பீக்கரை அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கினர். உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் அதே வரைபடத்தின்படி அதைத் தயாரித்தன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தாலும் ஒலி மாறக்கூடாது என்பதே நோக்கம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அதில் பயன்படுத்தப்பட்ட ஊஃபரின் இயல்பு தயாரிப்பின்போது சிறிது சிறிதாக விலகியது. இதனால் 1980-களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரைப் புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. அதன் மின்னெதிர்ப்பும் 15 ஓமிலிருந்து 11 ஓமாக மாறியது. மாதிரி எண் மாறவில்லை. ஆயினும் இவ்விரு வடிவங்களின் ஒலி வேறுபாடு குறித்து ஆர்வலர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். கடுமையான தரக்கட்டுப்பாட்டின் கீழேயே இந்நிலை என்றால், வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியே வடிவமைத்த கருவிகள் ஒன்றுபோல் ஒலிக்கும் என எதிர்பார்க்க இயலாது.

பக்கவாட்டில் செல்லும் ஒலி

ஸ்பீக்கருக்கு நேரெதிரே ஒலிவாங்கியை வைத்து எடுக்கப்படும் அளவீடு, நேராக வரும் ஒலியை மட்டுமே காட்டும். வீட்டில் கேட்பவரின் காதை அடையும் ஒலியில் கணிசமான பகுதி, பக்கவாட்டிலும் மேலும் கீழும் சென்று சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வருவதாகும்.

ஒலியின் அலைநீளம் இதில் பங்கு வகிக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 3.4 சென்டிமீட்டர் மட்டுமே. கூம்பின் அளவைக் காட்டிலும் அலைநீளம் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும். அலைநீளம் சுருங்கச் சுருங்க ஒலி டார்ச் விளக்கின் கற்றைபோல் குவியும். பெரிய ஊஃபர் குவியத் தொடங்கும் இடத்தில் ஒலி சிறிய ட்வீட்டருக்கு மாறினால், பக்கவாட்டு ஒலியில் திடீர்த் தாவல் ஏற்படும். நேரெதிரே எடுத்த வரைபடம் சமமாகத் தோன்றினாலும் அறையில் ஒலி சீரற்றுக் கேட்கும்.

இதைச் சோதனை வழியே நிறுவியதில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்குப் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதவாறு திரையிட்டு மறைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். நேரடி ஒலி சமமாகவும் பக்கவாட்டு ஒலி சீராகவும் உள்ள ஸ்பீக்கர்களையே பெரும்பாலானோர் விரும்பினர் என்பதை 1980-களில் வெளியான அவரது ஆய்வுகள் காட்டின. பின்னர் ஷான் ஆலிவ் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, 70 ஸ்பீக்கர்களின் விரிவான அளவீடுகளைக் கொண்டே கேட்போரின் விருப்பத்தைப் பெருமளவு கணிக்க முடியும் என்று தெரிவித்தது.

அதன் தொடர்ச்சியாக அமெரிக்க நுகர்வோர் தொழில்நுட்பத் துறையின் தரநிலை ஒன்று 2013-ல் உருவானது. ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவீடுகள் எடுக்க வேண்டும் என அது கூறுகிறது. பெட்டியில் அச்சிடப்படும் ஒற்றை வரிக்கும் இந்த 70 வரைபடங்களுக்கும் இடையே உள்ள தொலைவே, நுகர்வோர் உணரும் வேறுபாட்டின் தொலைவு எனலாம்.

அறை செய்யும் மாற்றம்

எந்தப் பெட்டியிலும் இடம்பெறாத மற்றோர் அங்கம், ஸ்பீக்கர் வைக்கப்படும் அறை. ஏறத்தாழ 200 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளில், சிறிய அறைகளில் ஸ்பீக்கரைக் காட்டிலும் அறையின் செல்வாக்கே மேலோங்குகிறது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி அலை சென்று திரும்பும்போது, குறிப்பிட்ட அதிர்வெண்கள் பெருகி நிற்கும். 12 அடி நீளமுள்ள அறையில் முதலாவது ஒத்ததிர்வு ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸிலும் ஏற்படும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக அமைந்த அறையில் மூன்று ஒத்ததிர்வுகளும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துகொள்ளும். அத்தகைய அறையில் ஒரு குறிப்பிட்ட தாழ்சுரம் மட்டும் காதை அடைக்கும் அளவுக்கு முழங்கும். ஒரே அறையில் சில அடி நகர்ந்து அமர்ந்தால் அதே சுரம் காணாமல்போவதும் உண்டு.

செங்கல் அல்லது கான்கிரீட் சுவரும் டைல்ஸ் அல்லது மொசைக் தரையும் கொண்ட இந்திய வீடுகளில் உயர்ந்த அதிர்வெண்களும் அதிகம் எதிரொலிக்கின்றன. மெத்தை, சோபா, கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி ஆகியவை இந்த எதிரொலியைத் தணிக்கும். தாழ்ந்த சுரங்களின் முழக்கத்தை மெல்லிய திரைச்சீலைகளால் தணிக்க முடியாது. அதற்கு ஸ்பீக்கரின் இடத்தையோ அமரும் இடத்தையோ மாற்றுவதே எளிய வழி.

சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். அறையின் மூலையில் வைத்தால் மேலும் கூடும். மெலிந்து ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு இது நன்மை தரும். ஏற்கெனவே பேஸ் மிகுந்த ஸ்பீக்கருக்கு இதுவே குறையாகிவிடும். கடையில் கேட்ட ஒலி வீட்டில் கிடைக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் அறையே உள்ளது.

காதும் மனமும்

மனிதக் காது எல்லா ஒலியளவிலும் ஒரே விதமாகக் கேட்பதில்லை. ஒலியளவு குறையும்போது தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் விரைவாகக் குறைகிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சர், வில்டன் மன்சன் ஆகியோர் 1933-ல் வெளியிட்டனர். சற்றே கூடுதல் ஒலியளவில் இயங்கும் ஸ்பீக்கர் நிறைவாகவும் தரமாகவும் தோன்றுவதற்கு இது முக்கியக் காரணம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒரு டெசிபல் அளவு வேறுபாடு இருந்தால்கூட, கேட்பவர் அதைச் சத்தத்தின் வேறுபாடு என்று உணராமல் தரத்தின் வேறுபாடு என்று கருதிவிடுவார்.

கண்ணும் தீர்ப்பில் பங்கெடுக்கிறது. ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 40 பேரைக் கொண்டு டூலும் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஸ்பீக்கர்கள் மறைத்தும் கண்ணுக்குத் தெரியும்படியும் மதிப்பிடப்பட்டன. ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது மதிப்பெண்கள் மாறின. அளவில் சிறியதும் விலை குறைந்ததுமான கருவிக்கு, மறைத்துக் கேட்டபோது கிடைத்த மதிப்பு பார்த்துக் கேட்டபோது கிடைக்கவில்லை. ஒலித்துறையிலேயே பணியாற்றுவோருக்கும் விலையும் தோற்றமும் காதின் தீர்ப்பை மாற்றுகின்றன என்பதை இது காட்டுகிறது.

விலை உயர்ந்த கம்பிகள் ஒலியை மாற்றும் என்ற நம்பிக்கை ஆர்வலர்களிடையே உள்ளது. வீட்டு அளவிலான தொலைவுக்குப் போதிய தடிமனுள்ள சாதாரணத் தாமிரக் கம்பியே போதுமானது. ப்ளூடூத் வழியே ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாடும், ஸ்பீக்கர், அறை ஆகியவற்றின் தாக்கத்தோடு ஒப்பிடுகையில் சிறியதே.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

திறன் எண்ணைப் பார்க்கும்போது அது ஆர்எம்எஸ் அளவா, எத்தனை சதவீத ஒலித்திரிபுடன் கூறப்பட்டது என்று கவனிக்க வேண்டும். பிஎம்பிஓ அல்லது உச்சத் திறன் என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அதிர்வெண் வரம்புடன் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கம் என்ற குறிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அக்குறிப்பு இல்லாத வரம்பு ஏறத்தாழப் பொருளற்றது. தனி ஆம்ப்ளிஃபயருடன் இணைப்பதற்காக வாங்குவோர் உணர்திறனையும், மின்னெதிர்ப்பு எவ்வளவு தாழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துச்செல்லலாம். தம்பூரா பின்னணியுடன் தனிக்குரல் ஒலிக்கும் பதிவு, தபேலா அல்லது மிருதங்கம் தெளிவாக ஒலிக்கும் பதிவு, செய்தி வாசிப்பு போன்ற பேச்சுப் பதிவு ஆகிய மூன்றும் பெரும்பாலான குறைகளை வெளிப்படுத்தும். பேச்சுக்குரல் மூக்கடைத்ததுபோலவோ பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோலவோ ஒலித்தால் இசையும் அவ்வாறே பாதிக்கப்படும்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் இயன்றவரை சமமாக்க வேண்டும். கைபேசியில் கிடைக்கும் ஒலி அளவிடும் செயலி இதற்கு ஓரளவு உதவும். நேரெதிரே நின்று கேட்டபின் பக்கவாட்டில் நகர்ந்தும் கேட்க வேண்டும். நகரும்போது குரலின் தன்மை பெரிதும் மாறாதிருப்பது நல்ல அறிகுறி. முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, எது ஒலிக்கிறது என்பதை உடன் வந்தவர் மட்டும் அறியுமாறு கேட்பது இன்னும் நல்லது. திருப்பித் தரும் வசதியுள்ள விற்பனையாளரிடம் வாங்கி, சொந்த அறையில் சில நாள் கேட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை ஒலியின் தரத்துக்கான சான்றாகாது. ப்ளூடூத் ஸ்பீக்கர் உள்ளிட்ட மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு, மின்சாரப் பாதுகாப்பு தொடர்பானது. முத்திரை இல்லாத பொருளைத் தவிர்ப்பது அவசியம். முத்திரை இருப்பதால் மட்டும் ஒலி நன்றாக இருக்கும் எனக் கருத இயலாது.

பெட்டியிலோ விளம்பரத்திலோ கூறப்பட்ட விவரம் தவறானது எனத் தெரியவந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரமாக அதைக் கருதிப் புகார் அளிக்க வழியுள்ளது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம். அதற்காக, வாங்கிய ரசீதையும் விவரக்குறிப்பு அச்சிடப்பட்ட பெட்டியையும் பாதுகாத்து வைத்திருப்பது நலம்.